நீலத் தோல் போட்ட செல்கள்

மார்ச் 6, திங்கள்

எழுதுவது அருளாயி. சொல்வது நான், சந்தியாகு. எனக்கு எழுத்து தெரியாது. மீட்டரில் ஓடும் எண் மட்டும் தெரியும். நாற்பத்தொரு வருடமாக என் பெண்டாட்டியாக இருக்கிறவள் சனிக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. "நீங்க சொல்லுங்க, எழுதுறேன். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், என்னையும் கேக்காதீங்க" என்று சொல்லி நோட்டைப் பிரித்து வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை விடியக்காலை மூன்றரை மணிக்கு மல்லிகைத் தோட்டத்தில் பூவெடுக்கிற பவுலின் என்ற பெண்ணின் தலையில் கட்டியிருந்த விளக்கு பற்றிக்கொண்டது. நெற்றியில் பல்பு இருக்கும், பின்மண்டையில் செல் டப்பா இருக்கும். வெடித்தது டப்பா. முடி கருகி, பின்கழுத்து வெந்து, பிடுங்கி எறிந்ததில் வலது கையில் மூன்று விரல் போச்சு. போச்சு என்றால் விரல் இருக்கிறது, மடங்காது. பூ எடுக்கிற விரல்.

இந்த ஊரில் அறுபது பெண்கள் பூவெடுக்கப் போகிறார்கள். அறுபது விளக்கும் நான் போட்டுக் கொடுத்தது. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தால் உள்ளே ஆறு செல் இருக்கும், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன். அதைப் பிரித்து, சோதித்து, நல்லதை விளக்குக்கு ஒன்றாகப் போடுவேன். ஒன்பது வருடமாக எவளும் ஒரு குறை சொன்னதில்லை.

நேற்று பூசை முடிந்து வெளியே வருகிறேன், சகாயமேரி வழியை மறித்து நிற்கிறாள். பூவெடுக்கிற பெண்களுக்குத் தலைவி. யார் ஆக்கினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

"மாமா, எந்த செல்ல எங்க வாங்குனீங்க, எவளுக்குப் போட்டீங்கன்னு நோட்டு இருக்கா?"

"எல்லாம் மண்டையில இருக்கு."

"அப்ப மண்டையில இருக்கறத நோட்டுல எறக்கிக் கொண்டாங்க. பத்தொம்பதாம் தேதி ஞாயித்துக்கெழம கூட்டம். சரியா வரலன்னா அறுபது வெளக்கையும் உங்க வாசல்ல கொட்டிட்டு நேரா ஸ்டேஷன்தான்."

இவள் அப்பன் ராயப்பன் எண்பத்திரண்டாம் வருடம் அந்தோணியார் திருவிழாவுக்கு என்னிடம் பெட்ரோமாக்ஸ் எடுத்துப்போய் மூன்று மேண்டில் வலையை உடைத்துவிட்டு, காற்று அடித்தது என்றான். அன்றைக்கு ஒரு இலை ஆடவில்லை. அந்த வம்சம் என்னிடம் கணக்குக் கேட்கிறது.

மார்ச் 7, செவ்வாய்

மண்டையில் இருக்கிறதை நோட்டில் இறக்கச் சொன்னாளே சகாயமேரி, எப்படிச் சோதிப்பேன் என்பதிலிருந்து எழுதிக்கொள்.

வந்த செல்லை முதலில் மீட்டரில் வைப்பேன். இரண்டு வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் செத்தது, தள்ளிவிடுவேன். செத்த செல்லை நல்ல செல்லோடு கோத்து உயிர் வரவைக்கிற ஆட்கள் உண்டு. வரும். ஆனால் உள்ளே புண்ணோடு வரும். பார்த்தால் தெரியாது. அடுத்தது சார்ஜ். ஏறும்போது கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். கை காய்த்துப் போனது, கன்னம்தான் சரியாகச் சொல்லும். கன்னம் சுட்டால் தள்ளு. நிறைந்து நாலு புள்ளி ரெண்டு காட்டினால், முட்டை அட்டையில் நட்டு வைத்துப் பத்து நாள் தொடமாட்டேன். பத்து நாள் கழித்து எண் இறங்கியிருந்தால் அது உள்ளுக்குள் தன்னையே தின்கிற செல். அதையும் தள்ளு. நூறு வாங்கினால் நாற்பது தேறும். மதுரையில் எந்தக் கடைக்காரன் பத்து நாள் காத்திருப்பான் என்று கேட்டு எழுது.

நோட்டு வேண்டியதில்லை எனக்கு. ஒரு தடவை கையில் எடுத்த செல்லை மறுபடி எங்கே பார்த்தாலும் சொல்லுவேன். அடிப்பக்கம் தகடு ஒட்டியிருந்த புள்ளி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி பிய்ந்திருக்கும். என் குறடுக்கு ஒரு பல் உடைந்திருக்கிறது. நான் பிரித்த செல்லில் பிறை மாதிரி ஒரு கீறல் விழும். அது இந்த உலகத்தில் வேறு எவன் குறடுக்கும் விழாது.

இதைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும்.

மார்ச் 8, புதன்

எழுத ஒன்றுமில்லை. இரண்டு பேர் விளக்கை வாசற்படியில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் போய்விட்டார்கள்.

மார்ச் 9, வியாழன்

வெடித்த விளக்கைச் சகாயமேரி ஒரு பழைய பால் பவுடர் டப்பாவில் மணல் போட்டுப் பத்திரம் பண்ணி வைத்திருக்கிறாள். பார்க்கப் போனேன்.

"பாக்கலாம். தொடக்கூடாது."

"தொடாம எப்பிடிப் பாக்கறது?"

"கண்ணாலதான். மண்டையில எல்லாம் இருக்குன்னீங்கல்ல, கண்ணு எதுக்குக் கை கேக்குது?"

குச்சியால் அவளே திருப்பிக் காட்டினாள். மேல்தோல் பாதி கருகிக் கிடந்தது, மீதி நீலம். புதுத் தோல். பழைய செல்லின் தோலை உரித்துவிட்டுப் புது நீலத் தோல் மாட்டிச் சுடுகாற்று அடித்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், கடைச் சரக்கு மாதிரி இருக்கும். அடிப்பக்கம் காட்டச் சொன்னேன். திருப்பினாள்.

பிறை.

இந்தச் செல்லை நான் போன ஐப்பசியில் தள்ளினேன். மழை பெய்துகொண்டிருந்தது, அன்றைக்கு முட்டைக்குழம்பு. அரை வோல்ட்டில் கிடந்த சின்ன லேப்டாப் பொட்டி ஒன்று, அதில் ஆறு இல்லை, நாலு செல்தான். நாலையும் தள்ளினேன். தள்ளியதெல்லாம் கோணிப்பையில் சேர்த்து எடைக்குப் போட்டேன். வாங்கியவன் இன்னாசி. இப்போது நீலத் தோல் போட்டு எனக்கே விற்றிருக்கிறான்.

எழுது அருளாயி. இன்னாசி. உன் கூடப்பிறந்த தம்பி.

எழுதினாள். எழுத்து பெரிதாகிவிட்டது, எனக்கே தெரிகிறது.

மார்ச் 10, வெள்ளி

மதுரைக்குப் போனேன். தவக்காலத்து வெள்ளி, வெறும் வயிறு, பேருந்தில் நின்றுகொண்டே போனேன். இன்னாசியின் கடை பொட்டிகளுக்கு நடுவே ஒரு பொந்து. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க மச்சான். டீயா, காப்பியா? ஓ, ஒருசந்தியா? அக்கா கஞ்சி குடுத்துவிடலியா?"

"நான் செத்ததுன்னு எடைக்குப் போட்ட செல்ல எனக்கே வித்திருக்கியேடா."

"மச்சான், எங்கிட்ட மாசம் ரெண்டு டன் வருது. எது உங்களுது, எது ஊராருதுன்னு நான் பேரு வச்சா கூப்புடுறேன்?"

"ஒரு பொண்ணு வெந்துபோய்க் கெடக்கா."

இன்னாசி கையில் இருந்த வேலையை வைத்துவிட்டான். பிறகு மெதுவாகத்தான் சொன்னான். "நீங்க என்ன சொல்லி எடைக்குப் போட்டீங்க? உருக்கப் போறதுன்னு நெனச்சீங்களா? முன்னாடி உப்புத் தண்ணியில ஊறப்போட்டுச் சாகடிச்சுத்தான தூக்கிப் போடுவீங்க. கிலோவுக்கு இவ்வளவுன்னு நான் சொன்னதும் ஊறப்போடறத நிறுத்துனது யாரு? ஊறுன செல்லு எடை நிக்காதுன்னு."

அது வேறு பேச்சு என்றேன்.

"சரி, வேற பேச்சே பேசுவோம். ஒரு தடவ பாத்த செல்ல மறக்க மாட்டேன்னு கல்யாண வீடு, கருமாதி வீடு எல்லாத்துலயும் சொல்றீங்க. தை மாசம் நாப்பது செல்லு எண்ணி வாங்கிட்டுப் போனீங்க. அடியப் பாக்காமயா போனீங்க?"

கடையில் வெளிச்சம் பத்தவில்லை என்றேன். இந்தப் பொந்தில் பகலிலேயே வெளிச்சம் கிடையாது, அது உண்மை.

"வெளக்குக்காரருக்கு வெளிச்சம் பத்தலியாம்" என்று பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்துச் சொன்னான். அவன் சிரித்தான். அவன் முகத்தையும் மறக்கமாட்டேன்.

மார்ச் 11, சனி

நேற்று எழுதியதில் "வெளிச்சம் பத்தவில்லை" என்ற இடத்தில் அருளாயி பேனாவை நிறுத்திவிட்டாள். கேள்வி கேட்கிற மாதிரி இல்லை, சுவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"வீட்டுக்குக் கொண்டாந்து வாசல்ல வெயில்ல பரப்பி வச்சு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாத்தீங்க. நான் புளி காயப்போட எடமில்லன்னு சத்தம் போட்டேன்."

நான் சொல்வதை மட்டும் எழுது என்றேன்.

எழுதினாள். ஆனால் இதையும் எழுதுகிறாள் போலிருக்கிறது. நான் படித்துப் பார்க்கவா முடியும்?

மார்ச் 12, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கோயிலிலிருந்து திரும்புகிற வழியில் நின்று ரெஜினாவைப் பிடித்தேன். அவள் புருஷன் திருப்பூருக்குப் போய் ஆறு வருடம், வரப்போக்கு இல்லை. "ஒன் வெளக்குப் பட்டை தளந்து போயிருக்கு, குடு, மாத்தித் தாரேன்" என்றேன். "பட்டை நல்லாத்தான இருக்கு மாமா" என்றாள். கொடுத்துவிட்டாள். பக்கத்து ஊரிலிருந்து நடந்து வருகிற பேச்சியிடமும் அதே மாதிரி சொல்லி வாங்கினேன்.

பட்டை இரண்டும் புதுசு போட்டேன். செல்லும் வேறு போட்டேன். திருப்பிக் கொடுத்தாயிற்று.

அருளாயி கேட்டாள்: "அறுபது பேருல இவுக ரெண்டு பேரு பட்டை மட்டும் எப்பிடித் தளந்துச்சு?"

கேட்கமாட்டேன் என்றவள்.

மார்ச் 13, திங்கள்

எடுத்த இரண்டு செல்லையும் கொல்லையில் மணல் சட்டியில் வைத்து சார்ஜ் ஏற்றினேன். நாலு புள்ளி ரெண்டுக்கு அழகாக ஏறியது. கன்னத்தில் வைத்தேன், குளிர்ச்சி. இப்படித்தான் தை மாதமும் ஏறியது. யாராக இருந்தாலும் ஏமாறுவார்கள்.

மார்ச் 14, செவ்வாய்

ஒரே ராத்திரியில் ஒன்று மூன்று புள்ளி ஆறு, இன்னொன்று மூன்று புள்ளி ஒன்று. முட்டை அட்டையில் பத்து நாள் வைத்திருந்தால் மூன்றாம் நாளே தெரிந்திருக்கும்.

தை மாதம் முகூர்த்தம் மேலே முகூர்த்தம். மல்லிகை கிலோ எங்கேயோ போய்விட்டது. புதிதாகப் பூவெடுக்க வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். இன்றைக்கு விளக்கு இல்லை என்றால் நாளைக்கு நிலக்கோட்டைக் கடையில் வாங்கிக்கொள்வோம் என்றார்கள். பத்து நாளுக்கு நான் எங்கே போவேன்.

மார்ச் 15, புதன்

சூசையம்மா வீட்டுக்குப் போனேன். எழுபது வயது, காது கேட்காது, இரண்டு மகள்களும் தூரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. அவள் விளக்கைச் சைகையால் கேட்டேன். நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"குடுக்கக்கூடாதுன்னு சகாயமேரி சொல்லிருக்கா. நீ தடயத்த மாத்துறியாம்ல."

பட்டை, பட்டை என்று என் தலையைத் தொட்டுக் காட்டினேன்.

"ஒனக்கு என்ன தலவலியா?"

தெருவில் நாலு பேர் வந்துவிட்டார்கள். திரும்பிவிட்டேன். போகிற என் முதுகுக்குப் பின்னால், "ரெண்டு வெளக்கத் திருடிட்டாராம், மூணாவதுக்கு வந்திருக்காரு" என்று ஒருத்தி சொன்னாள். குரல் தெரியும். அவள் பெயரை எழுதவேண்டாம், எனக்கு ஞாபகம் இருக்கும்.

மார்ச் 16, வியாழன்

காலையில் சூசையம்மா பூவெடுத்துவிட்டுத் திரும்பி வருகிற வரை வாசலில் நின்றேன். ஏழரைக்கு வந்தாள். விளக்கு தலையில் இருந்தது, பகலிலும் அணைக்கவில்லை. அணைக்க மறந்துவிடுவாள்.

கூட்டத்துக்கு இன்னும் மூன்று நாள். மூன்று விடியல். அதற்குள் நான் வாய் திறந்தால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஆகிவிடும். திறக்காமல் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் இன்னாசி மாட்டுவான், நான் ஏமாந்தவன். மூன்று விடியல் ஒன்றும் ஆகாமல் போகலாம். தையிலிருந்து சூசையம்மா விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே.

இதை எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை மூடினாள்.

"நானும் சூசையம்மா அக்காவும் ஒரே பாத்தியில எடுக்கறோம்" என்றாள். "என் வெளக்குல எதப் போட்டிருக்கீங்க?"

"உனக்கு நல்லதுதான். கம்பெனிச் செல்லு. மூணு வருசம் ஓடும்."

அதற்கு அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 17, வெள்ளி

விடியக்காலை இரண்டரைக்கு அருளாயி கிளம்பினாள். ஆணியில் அவள் விளக்கு தொங்கியது. எடுக்காமல் போனாள். இருட்டில் கையால் தடவி மொட்டு எடுப்பாள் போல. பூ எது, மொட்டு எது என்று விரலுக்குத் தெரியுமா? பாம்பு கிடந்தால்?

பின்னாலேயே போனேன்.

தோட்டத்தில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தது. கடைசிப் பாத்தியில் ஒரு வெளிச்சம், பக்கத்தில் வெளிச்சம் இல்லாமல் ஒரு உருவம். வரப்பில் சகாயமேரி நின்று கூடையை எடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூசையம்மா தலையில இருக்கறதக் கழட்டச் சொல்லு" என்றேன்.

"ஆம்பளைக்கு இங்க என்ன மாமா வேல, இந்நேரத்துல?"

"கழட்டச் சொல்லு மொதல்ல."

"ஏன்னு சொல்லுங்க. அறுபது வெளக்கு இருக்கு. அவ வெளக்கு மட்டும் ஏன்?"

நான் பாத்திக்குள் இறங்கிவிட்டேன். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மிதிக்காதய்யா, மிதிக்காதய்யா என்று ஒருத்தி செடிக்காகச் சத்தம் போட்டாள். அங்கிருந்தே சொன்னேன்.

"பவுலினுக்குப் போட்டது, இவளுக்குப் போட்டது ரெண்டும் ஒரே பொட்டி. நாலு செல்லு. ரெண்ட நான் எடுத்துட்டேன். ஒண்ணு வெடிச்சிருச்சு. ஒண்ணு அவ தலையில இருக்கு."

அருளாயிதான் ஓடினாள். இருட்டில் இருந்தவள். பட்டையைக் கழற்றக்கூட இல்லை, அப்படியே பிடுங்கி வாய்க்காலில் எறிந்தாள். சூசையம்மா ஏன் வெளிச்சம் போச்சு என்று புரியாமல் அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

சகாயமேரி என் பக்கத்தில் வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். விளக்கு எல்லாம் என் முகத்துக்கு நேராக. ஒருத்தி முகம்கூடத் தெரியவில்லை எனக்கு. அத்தனையும் நான் போட்ட விளக்கு.

"இது அந்தச் செல்லுன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

இன்னாசி பெயரைச் சொல்ல வாய் வந்தது. பிறையைச் சொல்ல வாய் வந்தது. பிறையைச் சொன்னால், பிறை தையிலும் அங்கேதான் இருந்தது.

"வாங்குன அன்னைக்கே" என்றேன்.

ஒருத்தி கூடையைக் கீழே வைத்தாள். சகாயமேரி, "போங்க மாமா, பூ வாடுது" என்றாள்.

மார்ச் 18, சனி

வாய்க்காலில் தேடி எடுத்த செல், மற்ற இரண்டு, அதோடு தள்ளி வைத்திருந்த கோணிப்பை முழுவதும் பக்கெட்டில் உப்புக் கரைத்து ஊறப்போட்டேன். கொப்புளம் கொப்புளமாக வருகிறது. நாற்றம். அருளாயி சோறு வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 19, ஞாயிறு

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

கோயில் பக்கத்து வேப்பமரத்தடி. அறுபது பேரில் ஐம்பது பேராவது இருந்தார்கள். நோட்டை நீட்டினேன். சகாயமேரி அதை வாங்கி அருளாயி கையில் கொடுத்தாள். "எழுதுனவுகளே வாசிக்கட்டும்."

முதல் எழுத்திலிருந்து வாசித்தாள். ராயப்பன் மேண்டில் உடைத்த இடத்தில் சிலர் சிரித்தார்கள். சகாயமேரியும் கொஞ்சம் சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். வெயிலில் பரப்பி வைத்துத் திருப்பிப் பார்த்தேன் என்ற இடம் வந்தது. எழுதித்தான் வைத்திருந்தாள். நான் சொல்லாததையும் சில இடத்தில் எழுதியிருந்தாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உன் கூடப்பிறந்த தம்பி என்ற இடத்தையும் அப்படியேதான் வாசித்தாள்.

முடிந்ததும் சகாயமேரி சொன்னாள். இன்னாசி மேல் ஸ்டேஷனில் எழுதிக்கொடுப்பது, என் மேலும் எழுதிக்கொடுப்பது. நோட்டும் கூடப் போகும். விளக்கெல்லாம் திரும்ப வரும். சரி என்றேன். யாரிடமும் கெஞ்சவில்லை.

எழுந்திருக்கப்போனேன். அப்போதுதான் பவுலின் எழுந்தாள். முடி வெட்டிவிட்டிருந்தார்கள், கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினாள். கையில் கட்டு. இந்தப் பெண் பேசி நான் கேட்டதில்லை. தை மாதம் விளக்கு வாங்க வந்தபோதுகூட, கூட ஆளில்லாமல் தனியாக வந்து வாசலில் நின்றாள், கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனாள். எரியுதா என்று போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நாப்பது செல்லு வாங்குனீங்க. கெட்டது நாலுன்னு தெரியும். நாலும் எனக்கு, சூசையம்மா பாட்டிக்கு, ரெஜினா அக்காவுக்கு, பேச்சிக்கு. கண்ண மூடிட்டு எடுத்துக் குடுத்தீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். அன்றைக்கு வரிசையில் யார் முன்னால் நின்றார்கள், யார் பின்னால் நின்றார்கள், எந்த மகன் மோட்டார் சைக்கிளில் அம்மாவை இறக்கிவிட்டான், எந்தப் புருஷன் செல்லைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அட்டையில் அந்த நாலை மட்டும் ஓரமாக நட்டு வைத்திருந்தேன். யார் யாருக்கு என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.

அருளாயி நோட்டை மூடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு வந்து கேக்க ஆளில்ல" என்றேன். "நீங்களும் கேக்க மாட்டீங்கன்னு."

பவுலின் உட்காரவில்லை.

"இப்பக் கேட்டேன்ல" என்றாள்.